கருணை காட்டிய கிளை

பூக்கும் பருவம் முடிந்த பிறகு ரோஜாவைக் கவாத்து செய்ய வேண்டும், அதாவது கிளைகளை அளவாக வெட்டிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாத செய்தியல்ல. கடைசிப் பூ நாணய அளவுக்குச் சுருங்கிய பிறகும், கிளைகள் ஒன்றையொன்று உரசிப் புண்ணாக்கிக்கொண்ட பிறகும், அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு என்று நான் தள்ளிப்போட்டதற்குக் காரணம் சோம்பல் என்று என் மனைவி சொல்வாள். இரக்கம் என்று நான் சொல்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேறு வழியின்றிக் கத்தரியைக் கையில் எடுத்தேன். ஒரு செடியின் நோய் இன்னொன்றுக்குத் தாவாமலிருக்க 70 விழுக்காடு ஆல்கஹாலால் அதன் அலகுகளைத் துடைத்தேன். வெளிநோக்கிய மொட்டுக்கு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் மேலே, மொட்டிருக்கும் பக்கம் உயர்ந்து எதிர்ப்பக்கம் சரியும்படி, 45 பாகைச் சாய்வில் வெட்ட வேண்டும். அப்போதுதான் வெட்டுவாயில் விழும் நீர் மொட்டின் மேல் வழியாது, புதுக்கிளையும் செடியின் நடுவை அடைக்காமல் வெளியே போகும். படித்ததைப் பிசகாமல் செய்யும் பழக்கமுள்ள நான், மகளின் வடிவியல் பெட்டியிலிருந்து பாகைமானியை எடுத்துக்கொண்டேன். முதல் கிளைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. வெட்டியதை அவள் அளந்து பார்த்து, "அப்பா, இது 52" என்றாள். இரண்டாவது கிளையிலிருந்து பாகைமானி வேண்டாம் என்று முடிவு செய்தேன். மகளும் வேண்டாம் என்று மனத்திற்குள் முடிவு செய்துகொண்டேன்.

ரோஜா முள்ளைப் பற்றி ஒரு சொல். தாவரவியலின்படி அது முள்ளே இல்லை, தண்டின் மேல்தோலிலிருந்து எழும் புடைப்பு மட்டுமே. பக்கவாட்டில் தள்ளினால் முறிந்துவிடும். இந்த விவரம் என் சட்டைக் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் புடைப்புகள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் மேலிருந்து கையை உள்ளே விடுவது எளிது, வெளியே எடுப்பதுதான் கடினம். ஒரு கையை விடுவிக்க மறு கையை அனுப்பி, அதுவும் மாட்டிக்கொண்ட பிறகு, மனைவியைக் கூப்பிட்டேன். வந்தவள் முதலில் இரண்டு புகைப்படங்கள் எடுத்தாள். பிறகுதான் விடுவித்தாள்.

காய்ந்தவற்றையும், குறுக்கே போனவற்றையும், வெட்டினால் உள்ளே வெண்மை தெரியாமல் பழுப்பாயிருந்தவற்றையும் நீக்கி, மற்றவற்றை முழங்கால் உயரத்துக்குக் குறைத்தேன். ஒரே ஒரு கிளையின் முன்னால் மட்டும் கத்தரி நின்றுவிட்டது. அடியிலிருந்து அம்புபோல் எழுந்து, கட்டைவிரல் பருமனில், இளம்பச்சையாய், நோயின் சுவடே இல்லாமல் மற்றவற்றைவிட ஒரு முழம் உயர்ந்து நின்றது அது. நலிந்த குடும்பத்தில் தலையெடுத்த பிள்ளையை வெட்டவா முடியும்? அதற்கு உயிர்ப்பிச்சை அளித்துவிட்டு, மீதமிருந்த வேகத்தில் செம்பருத்தியைக் குறைத்தேன். அதே வேகத்தில், கொத்துக் கொத்தாய்ப் பூக்கும் ஹைட்ராஞ்சியாச் செடியையும் மொட்டையடித்தேன்.

ஆறு வாரங்களில் என் தலைப்பிள்ளை சன்னலின் மேல்விளிம்பைத் தொட்டது. ஒரு மொட்டுகூட இல்லை. வெட்டிய கிளைகளோ, விட்ட துளிரைத் தொடரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தன. எங்களுடன் சில மாதம் தங்க வந்திருந்த மாமியாரிடம் அந்த உயர்ந்த கிளையைப் பெருமையோடு காட்டினேன். அவர் குனிந்து, அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளையிடம் எதையும் நேராகச் சொல்லிப் பழகாதவராகையால், "நல்லா வளர்த்திருக்கீங்க மாப்பிள்ளை. ஒட்டுக்குக் கீழே இருந்து வருது" என்றார்.

அதன் பொருள் எனக்கு மெல்லத்தான் உறைத்தது. கடையில் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை, வேர்வலிமை மிக்க காட்டு ரோஜாவின் மேல் நாம் விரும்பும் வகையை ஒட்டுக்கட்டி உருவாக்கப்பட்டவை. ஒட்டுக்குக் கீழே கிளம்பும் போத்து அந்தக் காட்டு ரோஜாவினுடையது. மேலே போக வேண்டிய சாரத்தை அதுவே உறிஞ்சிக்கொள்ளும். ஆக, நான் வீட்டுக்காரர்களின் தலையை வெட்டிவிட்டு, வாடகையும் தராமல் தங்கியவருக்கு மாலை போட்டிருக்கிறேன்.

"வெட்டினால் அடியிலிருந்து நாலாகக் கிளம்பும், பிய்த்துத்தான் எடுக்கணும்" என்றார் அத்தை. மண்ணைத் தோண்டி, அது புறப்படும் இடத்தைப் பிடித்து, முழு பலத்தோடு இழுத்தேன். போத்து வந்தது, நானும் வந்தேன், பின்பக்கமாக, வெட்டிப்போட்ட முட்கிளைக் குவியலின் மேல். இம்முறை புகைப்படம் எடுத்தது மகள்.

அதன்பிறகு இரண்டு மாதம் ஆவதற்குள் ரோஜா பூத்தது. புதுத்துளிரில் பூக்கும் இயல்புடைய செம்பருத்தி அதற்கு முன்பே என்னை மன்னித்திருந்தது. ஹைட்ராஞ்சியா மட்டும் இலைகளோடு நிற்கிறது. எங்கள் வகை முந்தைய பருவத்துக் கிளையில் உருவாகும் மொட்டிலிருந்து பூப்பது, அம்மொட்டுகளை நானே கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டேன் என்பதெல்லாம் மனைவிக்குத் தெரியாது. செடி ஓய்வெடுக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். அத்தைக்குத் தெரியும். அவர் வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து மாலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் அவருடைய வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.