அப்பாவின் கணினியை இருந்தபடியே பிரதி எடுத்து வைத்தோம்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை இன்டெல் சிப். விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். "புதுசா ஒண்ணு வாங்கிடலாம்ண்ணே" என்றான் தம்பி. வாங்கலாம்தான். ஆனால் அந்தக் கணினியில்தான் அப்பா ஊர்க் கோயில்களைப் பற்றிப் பல வருடமாகத் தட்டச்சு செய்து வருகிறார். பாமினி என்ற பழைய எழுத்துரு, டைப்ரைட்டர் விசைப்பலகை, எப்போதோ சிடியில் வாங்கிய ஒரு மென்பொருள். அந்த சிடி இப்போது எந்த டிரைவிலும் படிக்கவில்லை. எழுதியதை இப்போது எல்லாக் கணினியிலும் படிக்கக்கூடிய யூனிகோடுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வருகிறோம். புத்தக வேலை முடியும்வரை அவர் கை பழகிய இடத்திலேயே எழுதட்டும் என்பது என் முடிவு.

ஹார்ட் டிஸ்க்கும் பழசு. சுழலும் தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகும் எல்லாம் இருந்தபடியே ஓட வேண்டும்.

'டாக்குமென்ட்ஸ்' ஃபோல்டரை பென் டிரைவில் காப்பி செய்து வைப்பது எல்லோரும் செய்வது. அதில் கட்டுரைகள் பிழைக்கும், மென்பொருள் பிழைக்காது. சி டிரைவில் உள்ள விண்டோஸ் ஃபோல்டரை அப்படியே இழுத்துப் போடவும் முடியாது. விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களை ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸே பிடித்து வைத்திருக்கும், காப்பி ஆகாது. வேறு வழியில் எடுத்துவிட்டாலும் அதிலிருந்து கணினி பூட் ஆகாது, அதாவது விண்டோஸ் தொடங்காது. பூட் ஆவதற்கான ஃபைல்கள் சி டிரைவிலேயே இல்லை. எக்ஸ்ப்ளோரரில் கண்ணுக்குத் தெரியாத 100 எம்பி அளவுள்ள தனிப் பார்ட்டிஷனில் (டிஸ்க்கின் தனிப் பகுதியில்) இருக்கின்றன. ஆகவே வேண்டியது சிஸ்டம் இமேஜ்: பூட் பார்ட்டிஷன், சி டிரைவ், ரெக்கவரி பார்ட்டிஷன் மூன்றையும் சேர்த்து எடுக்கும் முழுப் பிரதி.

முதலில் சி டிரைவில் செக் டிஸ்க் ஓட்டினேன். டிஸ்க்கில் பழுதான இடம் இருந்தால் இமேஜ் பாதியில் நின்றுவிடும். பிறகு வேண்டாத ஃபைல்களை நீக்கும் டிஸ்க் கிளீனப். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருப்பவர்கள் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலையைத் தொட வேண்டும். எங்கள் கணினியில் அது இல்லை.

அடுத்து, கணினியைத் தொடங்கி இமேஜை மீட்க உதவும் ரெக்கவரி பென் டிரைவ். ஸ்டார்ட் மெனுவில் 'கிரியேட் எ ரெக்கவரி டிரைவ்' என்று தேடினால் வரும். குறைந்தது 16 ஜிபி வேண்டும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். சிஸ்டம் ஃபைல்களையும் சேர்க்கவா என்று கேட்கும் இடத்தில் டிக் வைத்தால் நேரம் நிறையப் பிடிக்கும். ஆனால் இமேஜே கெட்டுப்போனாலும் அந்த பென் டிரைவை வைத்து வெறும் விண்டோஸையாவது ஏற்றிக்கொள்ளலாம்.

இமேஜ் எடுக்கும் இடம் கன்ட்ரோல் பேனலில் 'பேக்கப் அண்ட் ரீஸ்டோர் (விண்டோஸ் 7)' என்ற பெயரில் இருக்கிறது. விண்டோஸ் 7 என்பதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம், 10-லும் வேலை செய்கிறது. மைக்ரோசாஃப்ட் இதை மேலும் வளர்ப்பதை 2017-லேயே நிறுத்திவிட்டது. அதனால் எடுத்ததைச் சோதிக்காமல் நம்பக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்திருந்தேன். இமேஜை வைக்க எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வேண்டும், அது என்டிஎஃப்எஸ் ஃபார்மேட்டில் இருக்க வேண்டும். பென் டிரைவைக் காட்டினால் ஏற்காது. கணினி ஓடும்போதே எடுக்கும். ஷேடோ காப்பி என்ற வசதி, தொடங்கிய நொடியில் டிஸ்க் இருந்த நிலையை உறைய வைத்து அதைப் படிக்கிறது. இருந்தாலும் அப்பாவை அந்த நேரம் எழுத வேண்டாம் என்றேன். தொடங்கிய பிறகு எழுதுவது இமேஜில் சேராது.

முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் 'விண்டோஸ் இமேஜ் பேக்கப்' என்ற ஃபோல்டர் வந்திருந்தது. அதன் பெயரையோ இடத்தையோ மாற்றினால் மீட்கும்போது விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. உள்ளே சி டிரைவ் முழுவதும் அடங்கிய பெரிய விஎச்டிஎக்ஸ் ஃபைல் ஒன்று. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் 'அட்டாச் விஎச்டி' கொடுத்து, 'ரீட் ஒன்லி' என்பதில் மறக்காமல் டிக் வைத்துத் திறந்தேன். புது டிரைவாக வந்து நின்றது. அப்பாவின் ஃபோல்டருக்குள் போய்க் கடைசியாக எழுதிய கட்டுரையைத் திறந்தேன், வந்தது.

அடுத்தது எஸ்எஸ்டி. கடைக்காரர், "வீட்டுக்கு 512 போதும் சார்" என்றார். சி டிரைவில் இருப்பதற்கு அது தாராளமாகப் போதும். ஆனால் விண்டோஸ் இமேஜை மீட்கும்போது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்ப்பதில்லை. டிஸ்க்கின் மொத்த அளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். பழையது 1 டிபி, விண்டோஸில் 931 ஜிபி என்று காட்டும். 960 ஜிபி என்று விற்பது 894-தான் காட்டும், அதுவும் ஆகாது. 1 டிபியே வாங்கினேன்.

பழைய டிஸ்க்கைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டேன். சோதனை எப்படிப் போனாலும் அசல் பத்திரமாக இருக்கும். எஸ்எஸ்டியை மாட்டி, பென் டிரைவில் பூட் செய்தேன். பூட் மெனுவில் அது இரண்டு முறை தெரிந்தது. 'யூஇஎஃப்ஐ' என்று முன்னால் போட்டிருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணினியைத் தொடங்கும் புதிய முறை அது, எங்கள் விண்டோஸ் அந்த முறையில் நிறுவப்பட்டது. மற்றதில் போனால் மீட்க மறுத்துவிடும். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், சிஸ்டம் இமேஜ் ரெக்கவரி. எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் இருந்த இமேஜைத் தேதியோடு காட்டியது. சரி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

மறு பூட்டில் பழைய டெஸ்க்டாப் ஐகான் ஒன்றுகூட நகராமல் வந்தது. ஆக்டிவேஷனும் போகவில்லை. அந்த உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தது, டிஸ்க் மாறினால் பாதிக்காது. "விசை மாறலையே?" என்று கேட்டுக்கொண்டே அப்பா உட்கார்ந்தார். ஒரு பத்தி அடித்தார். 'ஸ்ரீ' போட்டுப் பார்த்தார், 'க்ஷ' போட்டுப் பார்த்தார், பிரிண்ட் எடுத்தார். பிறகு என்னை எழுந்து போகச் சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கிவிட்டார்.

ஆதரவு முடிந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்குப் பதிவு செய்திருக்கிறேன். அவை 2026 அக்டோபர் 13 வரை வரும். பெரிய மாற்றம் எதுவும் செய்யும் முன் புது இமேஜ் எடுக்கிறேன். அதே டிஸ்க்கில் எடுத்தால் பழைய இமேஜின் மேல் எழுதிவிடும். எனவே பழையதைத் தேதி போட்ட ஃபோல்டருக்குள் முதலில் நகர்த்திவிடுகிறேன், தேவைப்பட்டால் வெளியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இமேஜ் எடுக்கும் நேரம் தவிர எக்ஸ்டர்னல் டிஸ்க்கைக் கணினியில் மாட்டி வைப்பதில்லை. ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால் இணைந்திருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துத்தான் பூட்டும்.