புற்றுக்காளான்

"அங்க காலை வைக்காதடா!"

கண்மாய்க்கரைப் பொட்டலில் அப்பத்தா போட்ட சத்தம். ராத்திரி இடியோடு பெய்த மழைக்கு, புற்றடியில் வெள்ளை வெள்ளையாய்க் காளான்.

அப்பத்தா விரலை ஈரமண்ணுக்குள் விட்டு, தண்டு ஒடியாமல் அடியோடு எடுத்தார். விரியாத மொட்டுகளை மட்டும். விரிந்து கறுத்ததைத் தொடவே இல்லை. சந்தேகம் வந்தால் விட்டுவிடணுமாம்.

இதைப் புற்றுக்குள் பயிர் செய்வது கறையான். சிப்பிக்காளான் மாதிரி பண்ணையில் வளர்க்க மனிதருக்கு இன்னும் கைகூடவில்லை. மழை, இடம், பார்க்கத் தெரிந்த கண் மூன்றும் சேர்ந்தால்தான் கிடைக்கும். காரைக்குடி சந்தையில் கைநிறைய வாங்கினாலும் இந்தச் சந்தோஷம் வராதது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

லீவுக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளைப் பொட்டலுக்குக் கூட்டிப்போங்கள். காரைச்செடி முள்ளுக்குத் தப்பி ஒரு பழமாவது பறித்துத் தின்னட்டும்.