இடுப்பில் ஒரு கிலோ

தலைவர்களுக்குப் பின்னால் சஃபாரி போட்டு நிற்கிற ஆளைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சட்டையை இன் பண்ணாததற்குக் காரணம் இடுப்பில் இருக்கிறது. 11 வருடம் நானும் அப்படி நின்றவன்தான்.

பி.எஸ்.ஓ. (தனிப் பாதுகாவலர்) டூட்டிக்கு வந்த முதல் நாள், துப்பாக்கிகளைப் பராமரிக்கும் ஆர்மரர் ஏட்டையா மேசையில் மூன்றை வைத்தார்: .38 ரிவால்வர், 9 எம்எம் பிரௌனிங், க்ளாக் 17. "எது வேணும்னு கேக்கல தம்பி. எது உன் கையில உக்காருதுன்னு பாக்கிறேன்" என்றார்.

ரிவால்வரில் குழப்பமே இல்லை. விசையை இழுத்தால் சுடும். ஆனால் 6 தோட்டாதான். தோட்டா போடும் உருளை வேறு, சட்டைக்குள் எலுமிச்சம்பழத்தை ஒளித்தது போலப் புடைத்துக்கொண்டு நின்றது. க்ளாக்கில் 17 தோட்டா, பிளாஸ்டிக் உடல், துணியில் மாட்ட, பின்னாலிருந்து அடித்துச் சுடவைக்கும் சுத்தியல் வெளியே கிடையாது. தனியாக சேஃப்டி பட்டன் இல்லாததுதான் எனக்குக் கிலி. விசையின் நடுவே இருக்கும் சின்ன நாக்கை விரல் அழுத்தினால்தான் விசை நகரும் என்று ஏட்டையா காட்டியும் மனம் ஒப்பவில்லை. பிரௌனிங் நம் நாட்டிலேயே, வங்காளத்து இஷாபூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. 13 தோட்டா, மெலிந்த பிடி. என் சின்னக் கைக்குக் கச்சிதம். அதையே எடுத்துக்கொண்டேன்.

அவஸ்தை அப்புறம்தான் தெரிந்தது. முழுக்க இரும்பு, தோட்டா நிரப்பினால் ஒரு கிலோவைத் தாண்டும். முதல் ஃபயரிங்கிலேயே சுத்தியல் பின்னால் வந்து கட்டைவிரல் இடுக்கைக் கவ்வி ரத்தம் வந்தது. அதைவிடக் கொடுமை கார் பயணம். பின்பக்கமாகச் சொருகினால் திருச்சி போய்ச் சேர்வதற்குள் இடுப்பெலும்பு விண்விண் என்று தெறிக்கும். முன்னால் தள்ளினால் சீட் பெல்ட் அதன் மேலேயே விழும்.

மூன்று மாதம் துப்பாக்கியைத் திட்டினேன். குற்றவாளி பெல்ட். கடையில் வாங்கிய சாதாரண பெல்ட் பாரம் தாங்காமல் மடங்கி, பேன்ட்டை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. வாணியம்பாடிக்கார நண்பர் ஒருவர் இரட்டைத் தோல் வைத்துத் தைத்த பெல்ட் கொண்டுவந்து தந்தார். பாதி வலி அன்றே போயிற்று.

மீதி வேலை டெய்லரிடம். ஒரு கல்யாண மண்டபத்தில் கீழே விழுந்த மாலையை எடுக்கக் குனிந்தேன். சட்டை மேலேறிவிட்டது. "அம்மா, துப்பாக்கி!" என்று ஒரு பொடியன் கத்த, மண்டபமே திரும்பியது. அன்றைக்கு அதிகாரியிடம் வாங்கிய வசவை இங்கே எழுத முடியாது. வீட்டுக்கு வந்து தோட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று பத்து முறை உருவிப் பார்த்தேன். நான்கு முறை பிடியோடு சட்டைத் துணியும் சேர்ந்து கைக்குள் வந்தது. மறுநாளே நீளத்தைக் கூட்டி, வலப்பக்கம் இரண்டு இஞ்ச் லூஸ் வைத்துத் தைக்கச் சொன்னேன். எதற்கு என்று டெய்லர் கேட்கவில்லை.

கடைசி நான்கு வருடம் க்ளாக்தான். நிரப்பியே 900 கிராம் சுமார். பயமும் பழகிவிட்டது. புதிதாக வருகிற பையன்கள் எந்தத் துப்பாக்கி நல்லது என்று கேட்டால், முதலில் பெல்ட்டைக் காட்டு என்பேன். முறைப்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகு தீபாவளிக்கு ஒரு சட்டை தைக்கக் கொடுத்தேன். போட்டுப் பார்த்தால் வலப்பக்கம் தொளதொள என்று தொங்குகிறது. பழைய அளவு நோட்டைப் பார்த்தே வெட்டியிருக்கிறார்.