ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்கள் கொலுசுப் பட்டறை. ஆர்டர் தாமதமானால் ‘ஆள் பத்தவில்லை’ என்போம். டொயோட்டா கார் நிறுவனத்தின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோ தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அதற்குள் நின்று வேலையைக் கவனிக்கச் சொல்வாராம். நேற்று நானும் நின்றேன். பற்றவைத்த கொலுசுகள் மெருகுக்குப் போகாமல் தட்டுத் தட்டாகக் கிடக்கின்றன. அத்தனையும் முடங்கிய வெள்ளி, முடங்கிய பணம்! ஓனோ சொன்ன 7 விரயங்களில் காத்திருப்பும் தேக்கமும் கண்ணெதிரே.

பற்றவைக்கும் அண்ணனிடம் கேட்டேன். “மொத்தமா முடிச்சுத்தானே அனுப்பச் சொன்னீங்க தம்பி?” என்றார். சொன்னது நான்தான்.

இப்படி விரயத்தைக் குறைக்கும் முறைக்கு ‘லீன்’ என்று பெயர். லீன் என்றாலே ஆள்குறைப்பு என்று பயப்படுகிறார்கள். அதன் நோக்கம் அது இல்லவே இல்லை. சரி, இன்று முதல் 10 ஜோடி சேர்ந்ததும் அடுத்த மேசைக்குப் போகிறது. மெருகு போடும் அக்காவின் இடத்தையும் பக்கத்திலேயே மாற்றிவிட்டோம்.