கரைவலையும் இடாப்பும்

இன்று விடிய திருகோணமலை உப்புவெளிக் கரையில் மீன் வாங்க நின்றேன், கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், கயிற்றின் கடைசியில் ஒரு பெடியன், பன்னிரண்டு வயது இருக்கும், வெளிறிப்போன நீலப் பள்ளிக் காற்சட்டை. "தம்பி, பள்ளிக்கூடம் இல்லையா?" "வலை படாத நாளில போவன் அண்ணை." உள்ளங்கை கயிறு அறுத்துக் காய்த்துக் கிடந்தது. அரைப் பங்கு கிடைக்குமாம்.

இலங்கையில் 2021 இல் வேலைக்கான குறைந்த வயதை 14 இலிருந்து 16 ஆக்கிவிட்டார்கள், சரி. பாடப் புத்தகமும் சீருடைத் துணியும் இலவசம்தான், ஆனால் கொப்பி, பஸ் காசு, டியூசன்? இவன் பெயர் பள்ளி வரவு இடாப்பில் இருக்கும், அதனால் இடைவிலகியவர் கணக்கில் வரவே மாட்டான், வாரத்தில் இரண்டு நாள் போகிற பிள்ளையை யார் எண்ணுகிறார்கள்?

யுனிசெஃப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வும் சொல்கிற 2024 கணக்கில் உலகம் முழுக்கச் சிறுவர் தொழிலாளர் சுமார் 13 கோடியே 80 இலட்சம், அதில் 61 சதவீதம் விவசாயத்தில். மீன்பிடியும் அதற்குள்தான். (நாங்கள் என்னவோ தேநீர்க் கடைப் பெடியனை மட்டும்தான் நினைக்கிறோம்.)

மீன் சேர்கிற வலை மடி கரைக்கு வந்ததும் அவன்தான் முதலில் ஓடினான். நான் அரைக் கிலோ சூடை வாங்கிக்கொண்டு வந்தேன், பேரம் பேசித்தான்.