ரெண்டாவது கார் யார் பேர்ல எடுக்கணும்?

சித்தி பொண்ணு அடுத்த மாசம் வீட்டுக்காரரோட பர்மிங்காம் கிளம்புறா. சேலம் அஸ்தம்பட்டில தட்டுவடை செட்டு வாங்கிட்டு நின்னப்போ, பீட்ரூட் துருவலும் கார சட்னியும் விரல்ல வழிய வழிய, ஏன்க்கா அங்க ரெண்டு கார் வெச்சா இன்சூரன்ஸ் கட்டுப்படி ஆகுமான்னு கேட்டா. அவளுக்குச் சொன்னதை கொஞ்சம் விரிவா எழுதுறேன், யூகே போற நம்மூர் பொண்ணுங்க யாருக்காவது உதவும்.

நம்மூர் கணக்கு எல்லாருக்கும் தெரியும். ஒரு வருஷம் கிளெய்ம் பண்ணலைன்னா என்சிபி, அதாவது பிரீமியத்துல தள்ளுபடி, 20 சதவீதம், அப்புறம் 25, 35, 45, அஞ்சு வருஷம் ஆனா 50, அதுவும் நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ் பிரீமியத்துல மட்டும்தான், அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான தேர்ட் பார்ட்டில ஒரு பைசா குறையாது. ஏற்காடு ரோட்டுல இருக்கற 20 கொண்டை ஊசி வளைவுல எங்கயாவது பஸ்ஸுக்கு வழிவிட ஒதுங்கி கதவு உரசிருச்சுன்னா எங்க மாமா கிளெய்ம் பக்கமே போக மாட்டார், கைக்காசு போட்டு டிங்கரிங் பார்த்துடுவார், ஏன்னா ஒரு கிளெய்ம் போட்டா அடுத்த ரின்யூவல்ல சேர்த்து வெச்ச 50 சதவீதமும் போயிரும்.

யூகேல எல்லாருக்கும் ஒரே சதவீதம்னு கிடையாது, ஒவ்வொரு கம்பெனியும் தனித்தனியா வெச்சிருக்காங்க, அங்க கேக்குறது எத்தனை வருஷம் என்சிடி (நம்மூர் என்சிபி மாதிரிதான், கிளெய்ம் இல்லாத வருஷக் கணக்கு) இருக்குன்னுதான். இங்க காரை வித்துட்டுப் போறவங்க கம்பெனில கேட்டு என்சிபி லெட்டர் கண்டிப்பா வாங்கிக்கங்க, பேரு, பாலிசி நம்பர், எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும், கிளெய்ம் இல்லைங்கறது எல்லாம் அதுல தெளிவா இருக்கட்டும். யூகேல நிறைய கம்பெனி இந்தியா லெட்டரை ஏத்துக்க மாட்டாங்க, சிலர் ஏத்துப்பாங்க, போன் பண்ணிக் கேட்டுட்டு அப்புறம் பாலிசி எடுக்கணும், கேக்காம ஆன்லைன்ல அஞ்சு வருஷம்னு போட்டுட்டு பின்னாடி ப்ரூஃப் கேட்டா திண்டாட்டம்தான்.

இப்ப ரெண்டாவது காருக்கு வர்றேன். சேர்த்து வெச்ச வருஷம் ஒரு நேரத்துல ஒரு காருக்குத்தான். என் வீட்டுக்காரர் அவர் கார்ல அஞ்சு வருஷத்தைப் போட்டிருக்கார்னா, அவர் பேர்லயே இன்னொரு கார் வாங்கினா அதே அஞ்சு வருஷத்தை அங்கயும் காட்ட முடியாது, அது பூஜ்யத்துல இருந்து ஆரம்பிக்கும். சில கம்பெனி மட்டும் முதல் காரோட என்சிடிய ரெண்டாவதுக்கும் மிரர் பண்ணி, அதாவது அதே வருஷத்தை அங்கயும் காட்டித் தருவாங்க. அது நல்லதுதான், ஆனா வேற கம்பெனி மாறும்போது அந்தக் கார்ல நிஜமா ஓடின வருஷம் எவ்வளவோ அதை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்கன்னு நெனச்சு திட்டம் போடுங்க. மல்ட்டி கார் பாலிசின்னு ஒரே பாலிசில ரெண்டையும் போட்டாலும் பொதுவா என்சிடி ஒவ்வொரு காருக்கும் தனிதான், அதனால ஒரு கார்ல கிளெய்ம் வந்தா இன்னொண்ணோட வருஷம் பெரும்பாலும் அப்படியே நிக்கும். தனித்தனியா பிரீமியம் எவ்வளவுன்னு கோட் வாங்கி ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க, மல்ட்டி கார் எப்பவும் சீப்பா இருக்கும்னு இல்ல.

நான் முக்கியமா சொல்ல வர்றது இதுதாங்க. நம்ம வீடுகள்ல பாலிசி ஆம்பளைங்க பேர்ல, பொண்ணுங்க நேம்டு டிரைவர், அதாவது அந்த பாலிசில கூட ஓட்டுறவங்கன்னு பேர் மட்டும் சேர்த்திருக்கும். ஸ்கூல் டிராப், காய்கறி, குழந்தைக்குக் காய்ச்சல்னா ஜிபி (குடும்ப டாக்டர்), மழையோ பனியோ எல்லா ஓட்டமும் அங்க நான்தான் ஓட்டினேன், ஆனா கிளெய்ம் இல்லாத ஒவ்வொரு வருஷமும் அவர் கணக்குலதான் ஏறுச்சு. நேம்டு டிரைவருக்கும் வருஷம் குடுக்கற கம்பெனி சிலது இருக்கு, அதுவும் பெரும்பாலும் பின்னாடி அவங்ககிட்டயே நம்ம பேர்ல பாலிசி எடுத்தாத்தான் செல்லும். அதனால ரெண்டாவது கார் வாங்கினப்போ என் பேர்ல வாங்கி, பாலிசிஹோல்டர் நான், மெயின் டிரைவர் நான், அவர் நேம்டு டிரைவர்னு போட்டோம். முதல் வருஷ பிரீமியம் கண்ணைக் கட்டுச்சு. ஆனா வருஷா வருஷம் ரின்யூவல் நோட்டீஸ்ல என் பேருக்கு எதிர்ல அந்த நம்பர் ஏறுறதைப் பார்க்கறப்போ, அது எவ்வளவு பெரிய தெம்புன்னு அனுபவிச்சாத்தான் தெரியும். நாளைக்கு அவருக்கு வேற ஊர்ல வேலைன்னாலும் என் வண்டி என் பேர்ல நிக்கும்.

பொண்டாட்டி ஓட்டுற காரை, பிரீமியம் குறையுதுன்னு புருஷனை மெயின் டிரைவரா காட்டுறது அங்க ஃபிரான்ட்டிங், மோசடிக் கணக்குல வரும், ஆக்சிடென்ட் ஆகுறப்போ கம்பெனி கிளெய்மையே மறுத்துடலாம். சொந்தக்காரங்க யாராவது அப்படிப் பண்ணச் சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க.

இன்னொண்ணு, பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு சேலம் வந்து அப்படியே தங்கிடறவங்க கவனிக்கணும், உங்க பேர்ல பாலிசி இல்லாம ரெண்டு வருஷம் தாண்டுனா அந்த என்சிடிய பெரும்பாலான கம்பெனி ஏத்துக்காது. நடுவுல வேற ஒருத்தர் பாலிசில நேம்டு டிரைவரா இருந்தாலும் பொதுவா அது காப்பாத்தாது. புரொடெக்டட் என்சிடின்னு கூடுதலா காசு கட்டினா ஒண்ணு ரெண்டு கிளெய்ம் வந்தாலும் வருஷம் குறையாது, ஆனா பிரீமியமே ஏறாதுன்னு அர்த்தம் இல்ல.

சித்தி பொண்ணுகிட்ட முதல் வேலையா லைசென்ஸைப் பாரு கண்ணுன்னு சொல்லிருக்கேன். இந்திய லைசென்ஸ்ல அங்க 12 மாசம்தான் ஓட்டலாம், போன உடனே புரொவிஷனல் லைசென்ஸுக்கு (நம்மூர் எல்எல்ஆர் மாதிரி) அப்ளை பண்ணிடணும், முடிஞ்சா கியர் வண்டியிலயே டெஸ்ட் குடுக்கணும், ஆட்டோமேட்டிக்ல பாஸ் பண்ணினா ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்ட முடியும்.