போர்க்குதிரைய ஏர்ல பூட்டின ரூனி லீ

அமெரிக்க உள்நாட்டுப் போர் பத்தி படிக்கிறவங்க பெரும்பாலும் தெற்குப் படைத் தளபதி ராபர்ட் ஈ. லீயோட நின்னுடுவாங்க, அவரோட ரெண்டாவது பையனப் பத்தி யாரும் பெருசா பேசறதில்ல. எனக்கு என்னவோ அப்பாவ விட இந்தப் பையன் வாழ்க்கைதான் மனசுல ஒட்டிக்கிச்சு. வில்லியம் ஹென்றி ஃபிட்ஸ்ஹ்யூ லீ, வீட்ல கூப்பிடற பேரு ரூனி, 1837ல ஆர்லிங்டன்ல பொறந்தாரு. எட்டு வயசுல வைக்கோல் வெட்டற மெஷின்ல கைய விட்டு ரெண்டு விரல் நுனி போயிடுச்சு. பெரிய ஆளா வளர்ந்து ஹார்வர்ட்ல சேர்ந்தாரு, டிகிரி முடிக்காமலே 1857ல ராணுவத்துக்குப் போயிட்டாரு, ரெண்டே வருஷத்துல அதையும் ராஜினாமா பண்ணிட்டு விர்ஜினியாவுல பமங்கி ஆத்தங்கரையில தாத்தா விட்டுட்டுப் போன ஒயிட் ஹவுஸ் பண்ணைக்கு வந்து விவசாயத்துல உக்காந்துட்டாரு. (அதிபர் மாளிகை இல்லீங்க, பண்ணையோட பேரே அதான். ஜார்ஜ் வாஷிங்டனக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி மார்த்தா இருந்த எஸ்டேட் இது.) அதே 1859ல சார்லட் விக்கமோட கல்யாணம்.

அப்புறம் போர் வந்துச்சு, இவரு கான்ஃபெடரேட் (பிரிஞ்சு போன தென் மாநிலங்களோட) குதிரைப்படையில சேர்ந்தாரு. 1862 ஜூன்ல வடக்குப் படை அந்தப் பண்ணைய சப்ளை டிப்போவா வச்சிருந்து காலி பண்ணிட்டுப் போகும்போது வீடு எரிஞ்சு போச்சு. அடுத்த வருஷம் ஜூன் 9, பிராண்டி ஸ்டேஷன் சண்டையில தொடையில குண்டு. மனைவியோட சொந்தக்காரங்க வீடு ஹிக்கரி ஹில்ல படுத்திருந்தவர, ரெண்டு வாரம் கழிச்சு வடக்குக் குதிரைப்படை வந்து மெத்தையோட தூக்கி அந்த வீட்டு வண்டியிலயே ஏத்தி, அந்த வீட்டுக் குதிரையவே பூட்டி ஓட்டிட்டுப் போச்சு. மொதல்ல எங்க கொண்டு போனாங்க தெரியுமா, எரிஞ்சு போன அவரோட சொந்தப் பண்ணைக்கு, அது அப்போ எதிரி கையில. தம்பி ராப் ஹிக்கரி ஹில் தோட்டத்துச் செடி மறைவுல ஒளிஞ்சு நின்னு அண்ணன தூக்கிட்டுப் போறதப் பாத்திருக்காரு.

ரூனி வடக்குக்காரங்க சிறையில இருக்கும்போது மனைவி சார்லட் படுத்த படுக்கையாயிட்டாங்க. அண்ணன் கஸ்டிஸ், தம்பி கடைசியா ஒரு தடவை பொண்டாட்டியப் பாத்துட்டு வரட்டும், அவனுக்குப் பதிலா நான் உள்ள இருக்கேன்னு கேட்டுப் பாத்தாரு, ஒத்துக்கல. 1863 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அந்தப் பொண்ணு போயிடுச்சு. ரெண்டு குழந்தைங்களும் அதுக்கு முன்னாடியே தவறிடுச்சுங்க. ரெண்டு மூணு மாசம் கழிச்சு கைதி பரிமாற்றத்துல இவரு வெளிய வந்தப்போ வீடும் இல்ல, குடும்பமும் இல்ல, வயசு இருபத்தாறு. திரும்பப் படைக்குப் போனாரு, மேஜர் ஜெனரல் ஆனாரு, அப்பமடாக்ஸ்ங்கற ஊர்ல அப்பாவோட படை சரணடையற வரைக்கும் இருந்தாரு.

கான்ஃபெடரேட் குதிரைப்படையில குதிரை அவங்கவங்க வீட்லருந்து கொண்டு வந்தது, அரசாங்கத்தோடது இல்ல. சரணடையும்போது ராபர்ட் ஈ. லீ இதச் சொன்னதும், சொந்தக் குதிரை இருக்கறவங்க ஓட்டிட்டுப் போகட்டும், விதைப்புக்கு வேணும்னு வடக்குப் படைத் தளபதி கிராண்ட் விட்டுட்டாரு. அந்த ஒரு முடிவால எத்தனை குடும்பம் அந்த வருஷம் சாப்பிட்டிருக்கும்னு நெனச்சா எனக்கு கிராண்ட் மேல தனி மரியாதை. ரூனியும் நேரா ஒயிட் ஹவுஸ் போயி, இடிபாட்டு மேல ஒரு குடிசையப் போட்டு, போர்க்குதிரைங்கள ஏர்ல பூட்டி மக்காச்சோளம் போட்டாரு. தம்பி ராபும் கூட சேர்ந்துக்கிட்டு அப்புறம் அதே ஆத்தங்கரையில ரோமன்கோக் பண்ணையப் பாத்துக்கிட்டாரு.

இதுல சொல்லாம விடக்கூடாத விஷயம் ஒண்ணு இருக்கு. அந்த நிலத்த அதுவரைக்கும் உழுதது லீ குடும்பம் இல்ல, அடிமைங்க. பண்ணைய விட்டுட்டுப் போன தாத்தா (அவரு பேரும் கஸ்டிஸ்தான்) 1857ல சாகும்போது, அஞ்சு வருஷத்துக்குள்ள எல்லாரையும் விடுவிக்கணும்னு உயில்ல எழுதி வச்சாரு. உயில நிறைவேத்த வேண்டிய ராபர்ட் ஈ. லீ அந்த அஞ்சு வருஷமும் வேலை வாங்கிட்டு, கோர்ட்ல இன்னும் டைம் கேட்டுப் பாத்து நடக்காம, 1862 டிசம்பர் 29தான் விடுதலைப் பத்திரத்துல கையெழுத்து போட்டாரு. போருக்கப்புறமும் அவரு மனசு மாறல, கறுப்பினத்தவங்கள நம்பி விவசாயம் பண்ணா நீ உருப்பட மாட்டேன்னு 1868ல ராபுக்கு லெட்டர் எழுதறாரு. தலைமுறை தலைமுறையா அவங்க உழைப்புல சாப்பிட்ட குடும்பம் இப்படி எழுதறதப் படிக்கவே எனக்கு வயிறு எரியுது. ரூனி பட்ட துக்கம் உண்மை, அதுக்காக அவரு எதைக் காப்பாத்த சண்டை போட்டாருங்கறத என்னால ஒதுக்கி வைக்க முடியாது.

1867 நவம்பர்ல பீட்டர்ஸ்பர்க்ல மேரி டாப் போலிங்கோட ரெண்டாவது கல்யாணம். போர்ல மாசக்கணக்குல முற்றுகையில கெடந்த ஊருங்கறதால அங்க போகவே ராபர்ட் ஈ. லீக்கு மனசு வரல, ஆனா போனாரு, ஊரே சந்தோஷமா வரவேற்றதப் பாத்து மனசு லேசாச்சு. 1874ல ரூனி குடும்பம் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டி ராவன்ஸ்வொர்த்துக்கு மாறுச்சு. மாநில விவசாயச் சங்கத் தலைவர், ஸ்டேட் செனட், 1887லருந்து காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்)னு போயி, பதவியில இருக்கும்போதே 1891 அக்டோபர்ல காலமானாரு, வயசு 54. பொழைச்ச பசங்க ரெண்டு பேரு, ராபர்ட் வக்கீலாவும் போலிங் டாக்டராவும் ஆனாங்க. ராவன்ஸ்வொர்த் வீடு 1926ல எரிஞ்சு போச்சு, அந்த நிலமெல்லாம் இப்போ வாஷிங்டனுக்கு வேலைக்குப் போறவங்க குடியிருக்கற ஏரியா.